உப்பும் இரண்டு அலமாரிகளும்

புத்தகம் அரித்துப் பிழைக்கும் ராமபாணப் பூச்சி ஒன்றுக்கு முனைவர் பட்டம் வாங்கும் ஆசை வந்துவிட்டது. பழம்பாடல்களில் வரும் உப்பைப் பற்றி ஆராயலாம் என்று நூலகத்தின் ஐரோப்பிய அலமாரிக்குப் போனது.

வாசலில் இருந்த கட்டெறும்பு, "தலைப்பு?" என்றது.

"உப்புங்க."

"எந்தப் பக்கத்தில் நுழைவாய், எங்கே வெளியே வருவாய் என்று முதலில் எழுதிக் கொடு. வகுப்பெல்லாம் கிடையாது. மூன்று வருஷம் தனியாகத் துளைக்க வேண்டியதுதான்."

உள்ளே போகாமலே வெளியே வரும் இடம் எப்படித் தெரியும்? பூச்சிக்குத் தலை சுற்றியது. எதிரே இருந்த வட அமெரிக்க அலமாரிக்கு ஊர்ந்தது.

"தலைப்புக்கு இப்போது என்ன அவசரம்?" என்றது அங்கிருந்த கறையான். "இரண்டு வருஷம் வகுப்பில் உட்கார்ந்து எல்லாப் புத்தகத்தையும் கடித்துப் பார். அப்புறம் பரீட்சை. நடுவில் சின்னப் பூச்சிகளுக்குப் பாடம் எடு. தலைப்பு தானாக வரும். ஏழு வருஷத்தில் முடித்துவிடலாம்."

"என் ஆயுளே நாலு வருஷம்தானுங்களே?"

"அதற்கென்ன, நீட்டிப்பு கேட்டு மனு போடு."

குழம்பிப்போய்க் கீழே இறங்கியது. நடுத்தரையில் இரண்டு முனைவர் பூச்சிகள் வேலை தேடிக்கொண்டிருந்தன. ஒன்று ஐரோப்பிய அலமாரியில் படித்தது, மற்றது வட அமெரிக்க அலமாரியில்.

"எந்தப் பக்கம் போகட்டும்?"

"நான் அங்கே போயிருக்கலாம்," என்று இரண்டும் ஒன்றாகச் சொல்லி, தாம் படிக்காத அலமாரியின் பக்கம் மீசையை நீட்டின.

பூச்சி அங்கேயே நின்று யோசித்தது. நாலு வருஷ ஆயுளில் ஒரு வருஷம் அந்த யோசனையிலேயே போனது.