இறங்காத கை

புதுப் பெயின்ட் பூசிய பழைய பொக்லைன் மேல் காலை வெயில் விழுகிறது. எதைத் தூக்கினாலும் கை தானாக இறங்கிவிடுகிறது என்று உரிமையாளர் இரும்பு விலைக்குத் தள்ளிவிட்ட வண்டி அது. அதை வாங்கி ஆறு மாதம் பிரித்துக் கோத்த அக்கா, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி நிற்கிறாள். வண்டிக்குள் தம்பி லீவரை இழுக்கிறான். வேர்கள் படபடவென்று அறுந்து, மனையின் நடுவே ஊன்றியிருந்த அடிமரக்கட்டை மண் உதிர எழும்பி அந்தரத்தில் நிற்கிறது. அவள் கண் கட்டையில் இல்லை; தான் சீல் மாற்றிய, கையைத் தாங்கும் எண்ணெய் சிலிண்டரில் இருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. கை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த பழைய உரிமையாளர் தொண்டையைச் செருமுகிறார். "எந்த மெக்கானிக்கும்மா பாத்தது?" "நான்தாண்ணே." "அப்போ எனக்கே திருப்பிக் குடுத்துடேன்." அவள் அவர் பக்கம் திரும்பாமலே தம்பிக்குக் கை காட்டுகிறாள். "இன்னும் கொஞ்சம் மேல தூக்குடா. அண்ணன் நல்லாப் பாக்கட்டும்."