வெயில் பக்கத்து இருக்கை

“கண்டக்டர்! இந்தப் பொண்ணை அங்கிட்டு வெயில் பக்கம் ஒக்கார வைங்க. இல்லாட்டி என்னை எறக்கி விட்டுருங்க!”

கீரனூரில் பேருந்து புறப்படும் முன்பே அமராவதியின் குரல் புறப்பட்டுவிட்டது. திருச்சியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கணவருக்கு நாள்தோறும் மதியச் சோறு கொண்டு போகிறவள் அவள்.

“சோத்துச் சட்டியை மடியில வச்சிருக்கேன். இவ கையைப் பாருங்க, செதில் செதிலா உதிருது. நாத்தம் வேற, ரோட்டுக்கு ஊத்துற தாரு கணக்கா!”

“இது ஒட்டுவாரொட்டி இல்லீங்க. டாக்டரே சொல்லிட்டாரு” என்றாள் சொர்ணவல்லி.

“அப்ப அந்த டாக்டரை வந்து ஒம் பக்கத்துல ஒக்காரச் சொல்லு!”

பேருந்து சிரித்தது. நடத்துநர் மலையாண்டி தலையைச் சொறிந்தான்.

“தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. டிரைவருக்குப் பின்னால சன்னலோரம் காலியாத்தான் இருக்கு.”

காலியாகத்தான் இருக்கும். வடக்கே திருச்சிக்குப் போகும்போது, பங்குனிக் காலை வெயில் முழுவதும் அந்த வலப்பக்கச் சன்னல் வழியாகத்தான் உள்ளே இறங்கும். பிற்பகலில் வண்டி ஊர் திரும்பும். அதற்குள் சூரியனும் மேற்கே சாய்ந்திருக்கும். ஆகவே, அப்போதும் அதே சன்னல்தான். சொர்ணவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே போய் அமர்ந்தாள்.

புதுக்கோட்டைப் பெண்கள் பள்ளியில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது உடல்தகுதிச் சான்று கொடுத்தாக வேண்டும். இரு கைகளிலும் சொரியாசிஸ் படர்ந்திருப்பவளுக்கு அதை யார் தருவார்கள்? ஸ்டீராய்டு மாத்திரை தின்றாள். தோல் அடங்கியது, முகம் பூசணிக்காயாக ஊதிற்று. மாத்திரையை நிறுத்தினாள், பழைய பகை தீர்க்க வந்ததுபோல் நோய் இரண்டு பங்காகத் திரும்பியது. வேறு வழியின்றி மறுபடியும் மாத்திரையையே பிடித்தாள்.

முந்தின நாள்தான் திருச்சியில் மருத்துவர் ஆத்மநாதன் வழி சொல்லி, களிம்பும் பூசிவிட்டிருந்தார்.

“மாத்திரையை மெள்ளக் குறைச்சுக்கிட்டே வருவோம்மா. அதுக்குப் பதிலா எந்தக் களிம்பு நோயைப் பிடிச்சு நிறுத்துதுன்னு பார்ப்போம். இடது கைக்குத் தார்க் களிம்பு, வலது கைக்கு மஞ்சள் களிம்பு. ரெண்டும் பந்தயம் ஓடட்டும்.”

மருத்துவமனைக்கு நாள்தோறும் வந்து பூசிக்கொள்ள வேண்டும். ஆகவே, நாள்தோறும் அதே பேருந்து, அதே அமராவதி. விரட்டியதோடு விட்டாளா? வண்டி முழுவதும் கேட்கும்படி விசாரணையும் நடத்துவாள்.

“இன்னிக்கு என்னத்தைப் பூசுனாங்க? மாத்திரையை விட்டாச்சா? மூஞ்சி இன்னும் வத்தலையே!”

பந்தயத்தில் வலது கை முந்தியது. மஞ்சள் களிம்புக்கு வெற்றி என்று சொர்ணவல்லி துள்ளினாள். மருத்துவரோ எளிதில் நம்புகிறவர் அல்லர். களிம்புகளைக் கை மாற்றினார். வலது கைக்குத் தார். இடது கைக்கு மஞ்சள்.

மறுபடியும் வலது கையே முந்தியது.

“மருந்து மாறியும் அதே கைதான் ஜெயிக்குது. அப்ப ஜெயிச்சது மருந்து மட்டும் இல்லை. வலது கையால நீ தனியா என்னம்மா பண்றே?”

“எழுதுவேன் சார், சாப்பிடுவேன்.”

“அதுக்கெல்லாம் தோல் ஆறாது!” அவர் சிரித்துவிட்டு, இரு கைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். “வலது கை மட்டும் ஏன் இப்படிக் கறுத்திருக்கு?”

சொர்ணவல்லி தயங்கித் தயங்கிப் பேருந்துக் கதையைச் சொன்னாள். சொல்லும்போதே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மருத்துவரோ மேசையைத் தட்டி எழுந்தேவிட்டார்.

“வெயில்! களிம்போட சேர்ந்து வெயிலும் வேலை பார்த்திருக்கு! இனிமே இடது கையையும் அளவா வெயில்ல காட்டு. அழாதேம்மா. ஒன்னை விரட்டினவங்க ஒனக்கு வைத்தியம் பார்த்திருக்காங்க!”

அன்று முதல் வீட்டு முற்றத்தில் இடது கைக்கு வெயில் விருந்து நடந்தது. வைகாசி பிறந்தபோது இரு கைகளும் ஒன்றுபோல் தெளிந்திருந்தன. ஸ்டீராய்டு மாத்திரையும் நின்றது. ஊதிய முகம் வடிந்து பழைய சொர்ணவல்லி வெளியே வந்தாள்.

சான்றில் மருத்துவர் கையொப்பமிட்ட நாளில், அவள் தலை நிமிர்ந்து ஊர் திரும்பும் பேருந்தில் ஏறினாள். காலிச் சட்டியுடன் அமராவதியும் நிழல் பக்கத்தில் அமர்ந்திருந்தாள்.

“வாங்க தங்கச்சி, இன்னிக்கு நெழல்ல ஒக்காருங்க” என்றான் மலையாண்டி.

“வேண்டாங்க. எனக்கு வேலை வாங்கிக் குடுத்த சீட்டு அது!” சான்றை உயர்த்திப் பிடித்தாள். “எல்லாரும் கேட்டுக்கங்க! இந்த அம்மா என்னை வெயிலுக்கு விரட்டலேன்னா இந்தக் கை ஆறியிருக்காது. ஒங்களுக்கு ரொம்ப நன்றிம்மா!”

வண்டி குலுங்கிச் சிரித்தது. இம்முறை சிரிப்பு அமராவதியின் பக்கம் திரும்பியது. சொர்ணவல்லிக்கு உள்ளம் குளிர்ந்தது. இத்தனை நாள் விழுங்கிய அவமானமெல்லாம் ஒரே வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது.

பாதி வழியில் கூட்டம் இறங்கியது. அமராவதி எழுந்து வந்து, முதன்முறையாக, அவள் பக்கத்தில் அமர்ந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று சொர்ணவல்லி பதிலைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

அமராவதி முன்னும் பின்னும் பார்த்தாள். அந்தக் கோடையிலும் இழுத்துப் போர்த்தியிருந்த முந்தானையை இடது முழங்கையிலிருந்து ஒரு விரற்கடை மட்டும் விலக்கினாள். உள்ளே வெள்ளி வெள்ளியாய்ச் செதில்.

“ஏம்மா,” அவள் குரல் உதட்டைத் தாண்டவில்லை, “எடது கைன்னா... எந்தப் பக்கம் ஒக்காரணும்?”