இருபத்திரண்டா, இருபத்து நாலா?

"இருபத்து நாலு போடு. நான் சொல்றதைக் கேளு."

"இருபத்திரண்டு போதும். அளந்தாச்சு."

"நீ அளந்து என்னிக்குத் தாராளமா வந்திருக்கு? கஞ்சம், கஞ்சம்!"

அந்தப் பட்டப்பெயர் அவளுக்குப் புதிதல்ல. இதய சிகிச்சைப் பிரிவில் அவள் கஞ்சம், அவன் தாராளம். இருவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த மருத்துவர்கள். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை இருந்தால், மார்பைத் திறக்காமல், தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை ஏற்றி, கம்பி வலையில் பின்னிய மூடியை ஓட்டையில் பொருத்துவது இருவருக்கும் கைவந்த கலை. சண்டையெல்லாம் மூடியின் அளவில்தான். எந்த ஓட்டையைப் பார்த்தாலும் அவனுக்கு ஒரு சுற்றுப் பெரியது வேண்டும், அவளுக்கு ஒரு சுற்றுச் சின்னது போதும். பதினெட்டு வருஷமாக இந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை.

இன்று கதீட்டர் அவள் கையில் இருந்தது. அவன் எதையும் தொடக் கூடாது என்பது ஏற்பாடு. எழுதிக் கையெழுத்து வாங்காத குறையாக அதைக் காலையிலேயே சொல்லிவிட்டாள். கையை அடக்கிவிடலாம், அவன் வாயை யார் அடக்குவது?

"ஓட்டைக்குள்ள பலூனை விரிச்சு அளந்தேன். இருபது மில்லிமீட்டர். ரெண்டு கூட்டினா இருபத்திரண்டு. இதுல என்ன தகராறு?"

"திரையில ஓட்டையோட கீழ் ஓரத்தைப் பாரு, மெலிசா ஆடுது. நாளைக்கு ஒரு இருமல் இருமினா மூடி கழண்டு ஓடிடும். அப்புறம் மார்பைப் பிளந்துதான் தேடணும்."

"பெரிசாப் போட்டா மட்டும்? பக்கத்துச் சுவர்ல உரசி உரசி அதையும் தேய்ச்சிடும். ஒரு ஓட்டையை அடைக்க வந்து இன்னொண்ணைத் திறந்துட்டுப் போகவா?"

"வெளியில ஒரு அம்மா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு நீதான் பதில் சொல்லணும். எனக்குத் தெரியாது சாமி."

"சொல்லிட்டுப் போறேன். மத்தியானத்துக்குள்ள உங்க வீட்டுக்காரரைப் பத்திரமா ஒப்படைக்கிறேன்னு வாக்குக் கொடுத்துட்டுத்தான் உள்ள வந்தேன்."

தலைமைச் செவிலிக்குப் பொறுக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் மல்லுக்கு நின்னா, இங்க நாடி எண்பதுல இருந்து நூறுக்குத் தாவுது. மயக்க மருந்து கொடுக்கலை, தொடையில மரத்துப்போற ஊசி மட்டும்தான். படுத்திருக்கிறவர் காதுல எல்லாம் விழுது."

"விழட்டும். நல்லா விழட்டும்" என்றான் அவன்.

முந்நூறுக்கும் மேல் ஓட்டைகளை அடைத்த கை அவளுடையது. ஆனாலும் அந்தக் கீழ் ஓரத்தை அவள் அப்படியே விட்டுவிடவில்லை. அவன் வாய் நீளமே தவிர, கண் பொய் சொல்லாது. படத்தை வேறு கோணத்துக்குத் திருப்பச் சொல்லி மறுபடி பார்த்தாள். நுனிதான் ஆடுகிறது, அடி கெட்டியாக இருக்கிறது.

"இருபத்திரண்டைப் பிரிங்க சிஸ்டர்."

"ஆக, முடிவு பண்ணிட்டே."

"பண்ணிட்டேன்."

குழாயின் நுனியிலிருந்து மூடியின் ஒரு தட்டு இடது அறையில் மலர்ந்தது. அதைச் சுவரோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு தட்டை வலது அறையில் விரித்தாள். இரண்டு தட்டும் சுவரைக் கவ்விக்கொண்டன. அவசரமே இல்லை, சட்டைக்குப் பொத்தான் போடுகிற நிதானம்.

மூடி இன்னும், குழாய்க்குள் அதைத் தள்ளிவந்த கம்பியின் முனையில் திருகி நின்றது. திருகைக் கழற்றிவிட்டால் பிறகு சுலபமாகத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றும் முன் அங்கே இருக்கும் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். ஒரே ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் மூடி வெளியே வந்துவிடும். ஒருவரை ஒருவர் நம்பாமல் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர்களே கஞ்சமும் தாராளமும்தான்.

"சிஸ்டர்?"

"விடலாம் டாக்டர்."

"ஸ்கேன்?"

"கசிவு இல்லை, விடலாம்" என்றார் ஸ்கேன் பார்ப்பவர்.

"நீ?"

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை இழுத்துப் பாரு" என்றான்.

இழுத்தாள். சுவர் மொத்தமும் கூடவே வந்து போனது, மூடி அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் பலமா."

இழுத்தாள். அப்போதும் அசையவில்லை.

"திருப்தியா? இல்லை, வெளிய எடுக்கட்டுமா?"

"ம்... விடு."

திருகைக் கழற்றினாள். கம்பி தனியாக வந்தது. மூடி பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததுபோல உட்கார்ந்திருந்தது. அறை முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கதீட்டரை உருவி எடுத்துவிட்டு, ரத்தம் நிற்பதற்காகத் தொடையை அழுத்திப் பிடித்தபடி கேட்டாள்: "ஏம்ப்பா, இத்தனை வருஷமா என் அளவு தப்பு, தப்புன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே. இன்னிக்கு மட்டும் எப்படிச் சரின்னே?"

"தப்புன்னு நெஜமாவே நினைச்சிருந்தா, இத்தனை டாக்டருங்க இருக்கும்போது உன் மேஜையில வந்து நான் படுத்திருப்பேனா?" என்றான் அவன்.