பெத்தவங்க தட்டு

"உசுரோட இருக்கறவனுக்கே சோத்துக்கு வழியில்ல. செத்தவங்களுக்குத் தினம் ஒரு தட்டா, ஹெர்மினா?"

சனிக்கிழமை. நிவாரணப் பெட்டி வாங்க சர்ச் வாசல்ல வரிசையில நின்ன அத்தனை பேர் முன்னாடியும் கேப்டன் படோ கத்தினார்.

முப்பது வருஷம் சரக்குக் கப்பல் ஓட்டின மனுஷன். தனிக்கட்டை. ஜூலைப் புயல் கரீபியன் கடல்ல இருக்கற எங்க கரியக்கூ தீவுல ஒரு கூரையைக்கூட விட்டுவைக்கல. அதுலேருந்து கூரைத் தகரம் கேட்டு அரசாங்கத்தோட மல்லுக்கு நிக்கறதும் அவர்தான், ஊருக்குப் பெட்டி பிரிச்சுக் குடுக்கறதும் அவர்தான்.

ஹெர்மினாக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

"எங்கம்மா கனவுல வந்து கேட்டாங்க, கேப்டன். கூரை ஏறுற வரைக்கும் தினம் தட்டு வைக்கணுமாம்."

கேப்டன் அடுத்த பெட்டியைக் கையில எடுத்தார். கனவுல வந்து கேட்டுட்டா எங்க ஊர்ல மறுபேச்சே கிடையாது.

எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்தது. ரெண்டு பொட்டப்புள்ளைங்கள வச்சிருக்கற அக்காவுக்கு, வாரத்துக்கு ஒரு பெட்டி அரிசி, மாவுல இது என்ன ஊதாரித்தனம்?

"கேப்டன் கேட்டதுல என்னக்கா தப்பு?"ன்னு நானும் ஒரு குத்து குத்தினேன்.

கேப்டன் எனக்கு வழக்கம்போல ரெண்டாவது பெட்டியையும் நகர்த்தினார். "மீந்துபோச்சு, வெர்லின். அஞ்சு பேர் இருக்கற வீடு. எடுத்துட்டுப் போ."

தங்கமான மனுஷன். ஊருக்காக அலைஞ்சு அலைஞ்சு துரும்பாயிட்டார். பேன்ட்டைக் கயித்தால இறுக்கிக் கட்டியிருந்தார்.

ஆனா ஒண்ணு. அந்தத் தட்டு தினமும் காலியாகத்தான் செஞ்சுது.

ஹெர்மினாக்காவோட அம்மா இருந்த பழைய வீடு, கூரையில்லாம மொட்டையா நிக்குது. பொழுது சாயற நேரம் அங்க சோளமாவுக் களி, துவரைக் குழம்பு, ஒரு கிளாஸ்ல ரம். துணியால மூடி வச்சுட்டு வந்துடுவாங்க. விடியற வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. அது செத்துப்போன பெத்தவங்களுக்கு.

ஒரு நாள் விடிஞ்சதும் ஊர்க்காரங்களோட நானும் போய்ப் பாத்தேன். தட்டுல ஒரு துளி இல்ல. கிளாஸ் கவுந்திருந்தது. துணியைக் காத்து தூக்காதபடி நாலு மூலையும் சேர்த்து அழகா முடிஞ்சு வச்சிருந்தது.

"நாய் வந்திருக்கும்"னேன்.

"நாய் துணிய முடிஞ்சு வைக்குமாடி?"ன்னு பின்னாடி யாரோ கேட்டாங்க.

ஆம்பளைங்க தொப்பியைக் கழட்டிட்டு நின்னாங்க. "நம்ம ஆளுங்க நம்மள விட்டுப் போகல"ன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. புயலுக்கப்புறம் ஒருத்தரும் தொடாத மேளத்தை அன்னைக்குத்தான் எடுத்து வாசிச்சாங்க. அம்மா, அந்தச் சத்தம்! கூரையில்லாத வீடுங்க எல்லாம் அதிர்ந்துது.

அதுக்கப்புறம் தட்டைப் பத்தி நான் வாயே திறக்கல. நேத்து சாயங்காலம் தீப்பெட்டி கேட்டுப் போற வரைக்கும்.

ஹெர்மினாக்கா அடுப்படியில தட்டை எடுத்து வச்சு, குழம்புல உப்புப் போட்டுட்டு இருந்தாங்க.

"ஐயையோ! பெத்தவங்க தட்டுல உப்பாக்கா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

செத்தவங்களுக்கு உப்பு ஆகாது. ஒரு கல்லு பட்டாக்கூட ஓடிடுவாங்க. எங்க ஊர்ல கைக்குழந்தைக்கும் தெரியும்.

அக்கா என் வாயைப் பொத்தி உள்ள இழுத்தாங்க.

"கத்தாதடி. உப்பில்லாம ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குத் தின்பான்?"

"மனுஷனா?"

"உன் கூரையில தார்ப்பாய் கட்டியிருக்கே, அந்த முடிச்சு யார் போட்டது?"

கேப்டன்தான். ஊர் முழுக்க அவர் போட்ட கப்பல் முடிச்சுதான். அந்தத் துணி முடிச்சு கண்ணு முன்னாடி வந்து நின்னுது. அடக் கடவுளே, அதேதான்.

"கையில குடுத்தா வாங்குவாராடி அந்த மனுஷன்? மூணு தடவை குடுத்தேன். சாப்பிட்டாச்சுன்னு திருப்பி அனுப்பிட்டார். அப்புறம்தான் எங்கம்மாவைக் கனவுல வரவச்சேன். புயலுக்கப்புறம் நான் எங்க தூங்கறேன், கனவு காண?"

"அப்ப ஊரே கேக்க உன்னைத் திட்டறாரே!"

"செத்தவங்க சோத்தைத் தின்ன வெக்கம். என்னை நாலு வார்த்தை திட்டினா அவருக்குக் கொஞ்சம் ஆறும். திட்டட்டும்."

"அதெல்லாம் சரிக்கா. அவரு ஏன் பட்டினி கிடக்கணும்? அவருக்கும் ஒரு பெட்டி வருதே?"



"வீட்டுக்கு ஒரு பெட்டிதான்டி வருது. மீந்துபோச்சு, மீந்துபோச்சுன்னு வாராவாரம் உனக்குக் குடுக்கறாரே. எந்த வீட்டுப் பெட்டி மிஞ்சும்?"

தீப்பெட்டி வாங்காமலே வீட்டுக்குப் போனேன். அடுப்புப் பத்த வைக்க மனசு வரல.

இன்னைக்குச் சனிக்கிழமை. கேப்டன் வரிசையில ஹெர்மினாக்காவைப் பாத்ததும் ஆரம்பிச்சுட்டார். "இன்னும் அந்தத் தட்டை நிறுத்தலையா நீ?"

நான் முன்னாடி போய் நின்னேன்.

"கேப்டன், நேத்து எங்கம்மாவும் கனவுல வந்துட்டாங்க. திங்கள், புதன், வெள்ளி என் வீட்டுத் தட்டாம்."