மச்சான் பிடிக்கும் கயிறு

கும்பினிக்காரர்கள் கடலில் நடத்தும் முத்துச் சலாபத்தில், குளிப்பவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கையின் தாலிக்காகவாவது அவன் கைவிட மாட்டான். பஸ்தியான் கயிறு பிடிக்க, குளிக்க இறங்கிய அவன் தங்கை புருஷன் நேற்றுக் கயிறோடு கடலுக்குள் போய்விட்டான். சுறா இழுத்தது என்றான் பஸ்தியான். இவன்தான் விட்டான் என்றது ஊர். இன்று குளிக்க இறங்கும் தொம்மை தன் கயிற்றைப் பஸ்தியானின் கையில் சுற்றினான். யாருக்கும் தெரியாமல் தான் முத்தமிட்ட கை அது.

“பெண்டாட்டி இல்லாதவனுக்கு மச்சான் ஏதுல?” என்று தோணியில் சிரித்தார்கள்.

“எனக்கு எல்லாம் இவந்தான்.”

“எதுக்குல இறங்குத?” என்றான் பஸ்தியான் மெதுவாக.

“உன் மச்சான் உடம்பத் தேடி எடுத்தாறேன். சுறாக்கடி இருக்கான்னு ஊரு பாக்கட்டும்.”

“கடி இல்லேன்னா?”

தொம்மை, ஆழத்துக்கு இழுத்துப்போகும் கல்லின் மேல் கால் வைத்தான்.

“அப்பவும் நீதாம்ல என்னத் தூக்கணும்,” என்று சொல்லி மூச்சை இழுத்துக்கொண்டான்.