நல்ல வெளிச்சம்

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், செத்துப்போன மகனின் கடைசிக் கடிதம் தொங்குகிறது. எழுத்தா அது! கொடி படர்ந்த மாதிரி ஊதா மையில் சுழித்துச் சுழித்து ஓடி, கையெழுத்தில் போய்க் குருவியாக உட்காரும். நாலு பேர் கண்ணில் படட்டும் என்று நல்ல வெளிச்சத்தில் மாட்டச் சொன்னவள் அவனைப் பெற்றவள்தான். வருஷக்கணக்காக அடித்த வெயில் அத்தனை மையையும் தின்றுவிட்டது. வெறும் தாள்தான் மிச்சம். பார்வை மங்கிப்போன அவள் கணவர் எப்போதும்போல் துண்டால் கண்ணாடியைத் துடைக்கிறார். "குருவி தெரியுதா, பாரு." அவள் வெறும் தாளைப் பார்க்கிறாள். "தெரியுதுங்க." "மூக்கைக்கூட எவ்வளவு கூரா இழுத்திருக்கான், படுபாவி!" "ஆமாங்க." "என்னடி, குரலே எழும்பல? சரியாத் தெரியலையா?" என்றபடி சுவரைத் தடவித் தடவிப் போய், மூடியிருந்த இன்னொரு ஜன்னல் கதவையும் அகலத் திறந்துவிடுகிறார்.