தங்கத்தில் காந்தம்

“என் மானத்துக்கு இன்னிக்கு விலை இந்த இருபது சில்லுதான், தம்பி. நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

பட்டறைக்கார அம்மாள் பெட்டியை மேசைமேல் வைத்தாள். உள்ளே நகமளவு கண்ணாடிச் சில்லுகள்; மேலே, தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்தில் தங்கப் பூச்சு. இதயத்தின் மெல்லிய காந்தத் துடிப்பைப் பிடிக்கும் கருவிக்குள் போகிற சரக்கு. சரக்கிலேயே காந்தம் இருந்தால் கருவி உளறும்.

“போன மாசம் அத்தனையும் காந்தம் காட்டுச்சுக்கா,” என்றார் சரக்கைச் சோதிக்கும் அதிகாரி. “இதுவும் காட்டினா ஒப்பந்தம் ரத்து. மேலிடத்துல சொல்லிட்டாங்க.”

“ரத்தானா பட்டறையை இழுத்துப் பூட்டிட்டு, வீட்டுக்காரருக்குக் கால் அமுக்கப் போறேன். அளங்க.”

அவர் தன் இடுக்கியை எடுத்தார். அவள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் இடுக்கியை நீட்டினாள்.

“இதால எடுங்க.”

“ஏன், என்னோடதுக்கு என்ன? எவர்சில்வர்க்கா! காந்தத்துல ஒட்டவே ஒட்டாது.”

“மாமியார் கண்ணு பட்டாலும் பரவால்ல, தங்கத்துல இரும்பு படக்கூடாது. கிழவியோட கிறுக்குன்னு வச்சுக்குங்க.”

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். இயந்திரம் ஒவ்வொரு சில்லாக விழுங்கித் துப்பியது. திரையில் கோடு எழுந்திருக்கவே இல்லை, படுத்தே கிடந்தது. ஐந்து, பன்னிரண்டு, இருபது. எல்லாம் சுத்தப் பூஜ்யம்.

“அடேங்கப்பா!” ‘தேறியது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். “சரக்குன்னா இது சரக்கு! போன தடவை உங்களுக்குத் தொழில்ல கவனமே இல்ல. இப்ப என்னக்கா மாத்தினீங்க?”

தாளை மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

“எதையும் மாத்தல தம்பி. போன மாசம் நீங்க தள்ளிவிட்டதை அமிலத்துல ஒரு முக்கு முக்கினேன். தங்கம் அப்படியே நின்னுச்சு. எவர்சில்வரும் இரும்புதானே; உங்க இடுக்கி உரசி ஒட்டின தூசி கரைஞ்சு போச்சு. பின்பக்கம் திருப்பிப் பாருங்க, நீங்க கீறின நம்பர்தான். தள்ளினது இருபது, தேறினதும் அதே இருபது. பாக்கி ஒரு மன்னிப்பு.”